பரிசைச் சொல்லித் தானம் கேட்கலாமா?

பரிசு கிடைக்கும் என்று சொல்லி ஒருவரைக் கொடுக்க வைத்தால், அவர் கொடுத்தது தானம் ஆகுமா? மேடையில் விவாதிக்கிற கேள்வி என்று தோன்றலாம். எனக்கு இது வேலையோடு வந்த கேள்வி. செப்டம்பர் மாதம் பல நாடுகளில் விக்கிப்பீடியாவைத் திறந்தால், பக்கத்தின் உச்சியில் ஒரு பதாகை தெரியும். உங்கள் ஊர் நினைவுச்சின்னத்தைப் படம் எடுத்துப் பதிவேற்றுங்கள் என்று அது அழைக்கும். இந்தியா கலந்துகொள்ளும் ஆண்டுகளில் அதற்குத் தமிழ் வாசகம் எழுதுகிற தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி.

‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ என்ற இந்தப் போட்டி 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கியது. மறு ஆண்டே ஐரோப்பாவின் 18 நாடுகள் சேர்ந்துகொண்டன; 1,60,000-க்கும் மேற்பட்ட படங்கள் குவிந்தன. உலகின் மிகப் பெரிய ஒளிப்படப் போட்டி என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. இந்தியா 2012-இல் முதன்முறையாகக் கலந்துகொண்டது. நடத்துகிறவர்களும் தன்னார்வலர்கள், படம் அனுப்புகிறவர்களும் தன்னார்வலர்கள். இடையில் இருப்பது அந்தப் பதாகையின் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான்.

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி என் காலம் போனது. கும்பாபிஷேகப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கட்சி மாநாட்டு நோட்டீஸ் என்று கையில் வந்ததெல்லாம் யாரையாவது எதற்காவது அழைக்கிற வாசகம். கூப்பிடுவதும் ஒரு பொறுப்பு என்பதை அங்கேதான் கற்றேன். அன்னதானம் உண்டு என்று போட்டுவிட்டு இலை போடாமல் இருக்க முடியாது.

பதாகை எழுத உட்கார்ந்தால் குழுவில் இரண்டு கட்சி. ‘படம் எடுங்கள், பரிசு வெல்லுங்கள்’ என்று போட்டால்தான் ஆட்கள் வருவார்கள் என்பார்கள் இளைஞர்கள். பரிசைப் பற்றி மூச்சே விடக்கூடாது, ஆசை காட்டி வாங்குவது சேவைக்கே இழுக்கு என்பார்கள் பெரியவர்கள். இரண்டாம் கட்சிக்குப் பழைய பலம் உண்டு. வள்ளல் ஆய் அண்டிரனைப் புறநானூற்றில் பாடிய முடமோசியார், இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பவன் அல்லன் அவன் என்று சொல்லித்தான் பெருமைப்படுத்தினார். பலனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்கிறது கீதை. 1970-இல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர், ரத்தத்தை இலவசமாகக் கொடுக்கும் தம் நாட்டையும் காசுக்கும் வாங்கிய அமெரிக்காவையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். விலை நுழைகிற இடத்தில் கொடுக்கிற மனம் சுருங்கிவிடும் என்பது அவர் வாதம்.

இவற்றை மதிக்கிறேன். ஆனால், இவை எல்லாம் கொடுக்கிறவரின் மனத்தைச் சோதிக்கிற பேச்சு. அழைக்கிறவரின் கை சுத்தமா என்று இவை கேட்பதில்லை. என்னைத் தூங்கவிடாத கேள்வி அதுதான்.

தாராசுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போட்டிக்குப் படம் அனுப்பியிருந்தார். ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபத்தில் கல்லில் செதுக்கிய தேர்ச்சக்கரமும், அதை இழுக்கிற குதிரையும். விடியற்காலை வெயில் சக்கரத்தின் ஆரங்களில் சாய்வாக விழுகிற நேரம் பார்த்து எடுத்தது. பரிசு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் படத்தை ஒரு வியாபார நிறுவனத்தின் காலண்டரில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். “அக்கா, நான் போட்டிக்குத்தானே அனுப்பினேன்? கடைக்காரங்க எப்படி எடுத்துப் போடலாம்?”

எடுத்துப் போடலாம் என்பதுதான் உண்மை. படம் போய்ச் சேருகிற விக்கிமீடியா காமன்ஸில் அதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கிறோம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். படம் பிடித்தவர் பெயரைப் போட வேண்டும். மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியாது. பதிவேற்றும் பக்கத்தில் இவ்வளவும் எழுதியிருக்கிறது. ஆனால், அவரைக் கைபிடித்து அங்கே கூட்டிப்போன பதாகை பரிசை மட்டும்தான் சொல்லியிருந்தது. கொடுக்கிறோம் என்று தெரியாமலே அவர் கொடுத்துவிட்டார். காலண்டரின் ஓரத்தில் பொடி எழுத்தில் அவர் பெயர் இருந்தது. அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

அவர் பரிசுக்கு ஆசைப்பட்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஆசையோடு வந்தவரும் வாசலில் நின்று, ‘சரி, தெரிந்தே கொடுக்கிறேன்’ என்று சொன்னால் அது தானம்தான். தெரியாமல் கையைவிட்டுப் போனதற்கு, மனம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் தானம் என்று பெயரில்லை.

இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டுவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். ராஜராஜன் தான் கொடுத்ததையும், தன் அக்கா குந்தவை கொடுத்ததையும், மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். பெயர் நிற்கும் என்ற ஆசையை அந்தக் கல் மறைக்கவில்லை. அதோடு அது நிற்கவும் இல்லை. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அவற்றை எந்த இடையர் பொறுப்பில் விட்டார்கள், நாள்தோறும் அளக்க வேண்டிய உழக்கு நெய், சந்திர சூரியர் உள்ளவரை இது செல்லும் என்பது வரை எழுதியிருக்கிறது. கொடுத்தவருக்குப் புகழ் உண்டு. கொடுத்தது என்ன ஆகும் என்ற தகவலும் உண்டு. புகழாசை அந்த அறத்தைக் கெடுக்கவில்லை. நிபந்தனைகள் வெளிச்சத்தில் இருந்தன.

பரிசைவிட மோசமான தூண்டில்கள் இருக்கின்றன. 2022-இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் நன்கொடைப் பதாகை வாசகத்தை அதன் தொகுப்பாளர்களே எதிர்த்தார்கள். விக்கிப்பீடியா ஏதோ ஆபத்தில் இருப்பதுபோன்ற எண்ணத்தை அது தருகிறது, நிலைமை அப்படி இல்லை என்பது அவர்கள் முறையீடு. நல்ல காரியத்துக்குத்தானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை வாசகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. பரிசு என்று சொன்னால் பரிசாவது இருக்கிறது. இல்லாத ஆபத்தைக் காட்டி வாங்குவது, கொடுக்கிறவரின் இரக்கத்தைத் திருடுவது.

இழப்பு உண்மையாக இருக்கும்போது அழைப்புக்கு அலங்காரமே தேவையில்லை. 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. உங்களிடம் அதன் படங்கள் இருந்தால் காமன்ஸில் சேருங்கள் என்று விக்கிமீடியர்கள் கேட்டார்கள். பரிசு இல்லை, நடுவர் இல்லை. எப்போதோ சுற்றிப் பார்க்கப் போனபோது எடுத்த படங்களை மக்கள் கொடுத்தார்கள். அன்றைக்கு எது சிறந்த படம் என்று யார் கேட்டிருப்பார்கள்? ஒரு கண்ணாடிப் பெட்டியின் மங்கலான படம்கூட, எரிந்துபோன பொருளுக்கு மிஞ்சிய சாட்சி.

போட்டி எப்போதும் மறந்துவிடுகிற செய்தி இது. பரிசை முன்னால் நிறுத்தினால் நல்ல கேமரா வைத்திருப்பவர் வருவார். பெரிய கோயிலுக்கு இன்னும் நூறு அழகான படங்கள் கிடைக்கும். வயலோரம் சாய்ந்து நிற்கிற பழைய மண்டபத்தைப் போனில் எடுக்கக்கூடிய விவசாயி, இது நமக்கில்லை என்று தள்ளிவிட்டுப் போவார். அந்த மண்டபத்துக்கு அவர் எடுப்பதுதான் ஒரே படமாக இருக்கலாம். பரிசுக்கு வரிசை உண்டு. தானத்தில் முதலிடம், மூன்றாமிடம் கிடையாது.

ஆகவே நான் இரண்டு கட்சியிலும் இல்லை. பரிசைச் சொல்லலாம், ஆனால், கொடுப்பதைச் சொன்ன பிறகு சொல்ல வேண்டும். ‘உங்கள் ஊர் நினைவுச்சின்னத்தின் படத்தை எல்லோரும் பயன்படுத்தக் கொடுங்கள். உங்கள் பெயர் படத்தோடு இருக்கும். சில படங்களுக்குப் பரிசும் உண்டு.’ குழுவுக்கு நான் எழுதிக் கொடுக்கிற வாசகம் இதுதான். சப்பென்று இருக்கிறது, ஆள் குறையும் என்கிறார்கள். குறையட்டும். பலனை எதிர்பாராமல் கொடு என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது அவரவர் மனம் பக்குவப்படும்போது வருவது. எதைக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கை நீட்டுவது மட்டும் என் கடமை. அதைச் சொல்லாமல் வாங்கிய ஆயிரம் படங்களைவிட, சொல்லி வாங்கிய பத்துப் படங்களையே அறம் என்பேன்.