நல்ல பெண்ணுக்கு மட்டுமா இருக்கை?

1955 மார்ச் 2. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் ஏறுகிறார். அந்த வரிசையில் இருக்கிறவர்கள் எழுந்திருக்க வேண்டும் என்கிறார் டிரைவர். கூட இருந்த தோழிகள் எழுந்துவிடுகிறார்கள். இவள் மட்டும் எழவில்லை. காசு கொடுத்திருக்கிறேன், இங்கே உட்காருவது என் அரசியல் சட்ட உரிமை என்கிறாள். போலீஸ் வந்து இழுத்துக்கொண்டுபோய், விலங்கு மாட்டி, பெரியவர்களை அடைக்கிற சிறையில் அடைக்கிறது.

அவள் பெயர் கிளாடெட் கோல்வின். இதே ஊரில், இதே காரணத்துக்காக, ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 1 அன்று கைதான ரோசா பார்க்ஸை நமக்குத் தெரியும். பாடப்புத்தகத்திலேயே படித்திருப்போம். கோல்வினைப் பலருக்கும் தெரியாது. ஏன் தெரியாது என்று தேடிப் போனபோதுதான் என்னை இன்றுவரை விடாத ஒரு கேள்வியில் போய் மாட்டிக்கொண்டேன்: அநீதிக்கு ஆளானவர் நல்லவராகவும் இருந்தாக வேண்டுமா?

முதலில் அந்த பஸ்ஸின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் பத்து இருக்கைகள் வெள்ளையர்களுக்கு. அவை காலியாகவே கிடந்தாலும் கறுப்பர்கள் உட்காரக் கூடாது. நடுப்பகுதியில் உட்காரலாம், ஆனால் வெள்ளையர் ஒருவருக்கு இடம் தேவைப்பட்டால் அந்த வரிசையில் இருக்கிற எல்லோரும் எழ வேண்டும். ஒரே வரிசையில் சமமாக உட்காரக் கூடாது என்பதுதான் விஷயம். பல நேரங்களில் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். பயணிகளில் நான்கில் மூன்று பங்கு கறுப்பர்கள். அவர்கள் காசில் ஓடுகிற பஸ்ஸில் இத்தனை விதி.

கோல்வின் கைதானதும் ஊரின் கறுப்பினத் தலைவர்கள் இதை வைத்துப் போராடலாமா என்று யோசித்தார்கள். வேண்டாம் என்று முடிவானது. கல்யாணமாகாமல் கர்ப்பமானாள், அதனால் ஒதுக்கிவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். தேதிகளைப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை. அவள் கர்ப்பமானது அந்தக் கோடையில். தயக்கம் வசந்த காலத்திலேயே வந்துவிட்டது. சின்னப் பெண், படபடவென்று பேசுகிறவள், ஏழைக் குடியிருப்புக்காரி. போலீஸ்காரரைத் தாக்கினாள் என்று வேறு ஒரு குற்றச்சாட்டு. மேல்முறையீட்டில் இனப்பிரிப்புச் சட்டத்தை மீறியதாகப் போட்ட குற்றச்சாட்டு விழுந்துபோய், தாக்கியதாகச் சொன்னது மட்டும் நின்றது. எதிர்க்க வேண்டிய சட்டமே அந்த வழக்கிலிருந்து காணாமல் போய்விட்டது. பின்னால் கர்ப்பமும் சேர்ந்துகொண்டது. தன் கறுத்த நிறமும் ஒரு காரணம் என்று பின்னாளில் கோல்வின் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணும் இதேபோல் கைதானாள். அவளையும் முன்னிறுத்தவில்லை.

இதைப் படிக்கிறபோது கோபம் வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. ஆனால் அந்தத் தலைவர்கள் இருந்த அறைக்குள் கொஞ்சம் போய் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் ஆயிரக்கணக்கான ஏழைகளிடம், நாளையிலிருந்து பஸ்ஸில் ஏறாதீர்கள், வேலைக்கு நடந்து போங்கள் என்று சொல்லப் போகிறார்கள். வேலை போகலாம், உயிரே போகலாம். போராட்டம் தொடங்கி இரண்டு மாதம் முடிவதற்குள் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. எதிர்த்தரப்பு எந்த ஓட்டை கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நடத்தை சரியில்லாத பெண்ணுக்காகவா இவ்வளவும் என்று ஒரு பத்திரிகை எழுதினால் போதும், பேச்சு பஸ்ஸை விட்டுப் பெண்ணின் பக்கம் திரும்பிவிடும். நேர்மையாகச் சொல்கிறேன்: நான் அந்த அறையில் இருந்திருந்தால் நானும் ரோசா பார்க்ஸ் வரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். சரியென்று நானே ஒத்துக்கொள்கிற ஒரு முடிவு, ஒருத்திக்கு அநியாயமாகவும் இருக்க முடியுமா?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். அதற்குச் சாட்சி அந்தப் போராட்டமே. 381 நாள் நடந்த புறக்கணிப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் பஸ்ஸில் இனப்பிரிப்பைச் சட்டப்படி முடித்துவைத்தது ப்ரௌடர் எதிர் கேல் என்ற வழக்கு. அதில் ரோசா பார்க்ஸ் வாதி இல்லை. அவருடைய கிரிமினல் வழக்கு மாநில நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்ததால், இரண்டும் குழம்பிவிடக் கூடாது என்று வழக்கறிஞர் ஃபிரெட் கிரே அவரைச் சேர்க்கவில்லை. கடைசிவரை நின்ற வாதிகள் நான்கு பெண்கள்: ஆரேலியா ப்ரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். ஐந்தாவதாகச் சேர்ந்த ஒரு பெண் மிரட்டலுக்குப் பயந்து விலகிவிட்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

நால்வரில் இருவர், போராட்டத்தின் முகமாக இருக்க லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள். 1956 மே மாதம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்த பதினாறு வயதுக் கோல்வின் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். ஜூனில் தீர்ப்பு வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. டிசம்பர் 21 அன்று மாண்ட்கோமரி பஸ்களில் யாரும் எங்கும் உட்காரலாம் என்றானது.

தீர்ப்பு எழுதியவர்கள் முன்னால் இருந்த கேள்வி, நிறத்தைக் காட்டி ஒருவரை எழுப்புவதை அரசியல் சட்டம் அனுமதிக்கிறதா என்பது. அதற்குப் பதில் சொல்ல அவள் நல்லவளா கெட்டவளா என்று தெரிய வேண்டியதே இல்லை. ஊர் கேட்டதோ வேறு கேள்வி: யார் அவள்? உரிமை முதல் கேள்வியில் இருக்கிறது. போராட்டம் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது மனிதர்களின் மனதை ஜெயிக்க வேண்டும். அதனால் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுப்பது உத்தி. அந்த முகத்துக்கு மற்றவர்களைவிட அதிக உரிமை இருந்தது என்று நம்ப ஆரம்பித்தால் தப்பு அங்கே தொடங்குகிறது. அப்போது உரிமை நன்னடத்தைக்குக் கொடுக்கிற பரிசாகிவிடும்.

இந்த உத்திக்கு விலை கொடுத்தது கோல்வின் மட்டுமில்லை. ரோசா பார்க்ஸும்தான். வேலை முடிந்து கால் வலியோடு வந்த சாதுவான தையல்காரி என்று அவரைச் சுருக்கிவிட்டோம். அவரோ கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளையில் பல வருடம் செயலாளராக இருந்தவர். 1944-இல் ரீசி டெய்லர் என்ற பெண் கூட்டாக வன்புணரப்பட்டபோது நேரில் போய் விசாரித்தவர். உடம்பு அசதியால் உட்கார்ந்திருக்கவில்லை என்று சுயசரிதையில் அவரே மறுத்திருக்கிறார். கோல்வின் கைதான பிறகு அவளை அமைப்பின் இளைஞர் குழுவுக்குள் இழுத்து ஊக்கப்படுத்தியவரும் அவர்தான். இருவரையும் போட்டியாளர்கள் மாதிரி நிறுத்தி, அசல் யார், போலி யார் என்று பேசுவது இன்னொரு அநியாயம்.

உத்தியைக் குறை சொல்லவில்லை. அது ஒரு கடன் என்கிறேன். ஒருவரைப் பின்னால் நிறுத்தி ஜெயித்தால், ஜெயித்த பிறகாவது அவரை முன்னால் அழைத்துவர வேண்டும். அந்தக் கடன் நீண்ட காலம் அடைபடவில்லை. கோல்வின் 1958-இல் நியூயார்க் போய், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸுக்கு உதவியாளராகப் பல்லாண்டு வேலை பார்த்தார். அவர் மீதிருந்த அந்தப் பழைய குற்றப் பதிவை நீதிமன்றம் அழித்தது 2021-இல். அப்போது அவருக்கு வயது 82.

ஒரு செய்தி வந்ததும் நாம் முதலில் எதைத் தேடுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? அவள் அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள், அவன்மேல் ஏற்கெனவே கேஸ் இருக்கிறதாமே என்று தேடுகிறோம். நானும் தேடுவேன். போராடுகிறவர்கள் ஊர் என்ன சொல்லும் என்று கணக்குப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் உங்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் அஞ்சுகிற அந்த ஊரே நாம்தான். மாண்ட்கோமரியில் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை ஒளித்துவைக்க வேண்டியிருந்ததும் நம்மைப் போன்றவர்கள் கேட்கப்போகிற கேள்விக்குப் பயந்துதான்.