சாலையில் நிற்கும் ஒட்டகம்

தெற்கு ஆஸ்திரேலியாவையும் மேற்கு ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் அயர் நெடுஞ்சாலை, நல்லார்பர் சமவெளியைக் கடந்து செல்கின்றது. ‘மரமற்றது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களால் அமைந்த பெயர் அது. அச்சாலையோரத்து மஞ்சள் பலகையொன்றில் மூன்று விலங்குகளின் கரிய உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன: ஒட்டகம், வாம்பட், கங்காரு. பின்னவை இரண்டும் அம்மண்ணுக்கே உரியவை. ஒட்டகம் அங்கு வந்தது எவ்வாறு?

மனிதரே அதைக் கொணர்ந்தனர். 1860-இல் பர்க் தலைமையில் புறப்பட்ட ஆய்வுப் பயணத்திற்காக இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து 20-க்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் கப்பலேற்றப்பட்டன. பின்னர் ஆயிரக்கணக்கில் வந்து, வறண்ட உள்நாடெங்கும் கம்பளி மூட்டைகளையும் உணவுப் பொருள்களையும் சுமந்தன. 1920-களில் மோட்டார் வண்டிகள் பெருகவே, அவற்றுள் பல பாலைநிலத்தில் அவிழ்த்துவிடப்பட்டன. அவற்றின் சந்ததியே இன்று எச்சரிக்கைப் பலகையில் இடம்பெற்றிருக்கின்றது. நீர்நிலைகளையும் செடிகொடிகளையும் சிதைக்கின்றன என்பதால், 2009 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,60,000 ஒட்டகங்கள் அகற்றப்பட்டன. பெரும்பாலானவை சுட்டுக் கொல்லப்பட்டன. அவை விளைத்த சேதம் உண்மையே. ஆயினும் அவை தாமாக அங்குக் குடியேறவில்லை என்பதும் உண்மையே.

அப்பலகை யாருக்காக? ஒட்டகத்திற்கு எழுத்தும் தெரியாது, படமும் புரியாது. மோதினால் வண்டிக்கும் உயிருக்கும் ஆபத்து என நம்மையே அது எச்சரிக்கின்றது. எனினும், தன்னலத்திற்காக நட்ட பலகை தன்னையறியாமல் ஓர் அறத்தையும் கற்பிக்கின்றது: இருவர் ஒரே வழியில் எதிர்ப்படும்போது, ஆபத்தை அறிந்தவரே, விரைந்து செல்லும் ஆற்றல் உடையவரே, தம் வேகத்தைக் குறைத்தல் வேண்டும்.

விவிலியத்தில் பிலயாமின் கழுதை மூன்றுமுறை வழியில் தயங்கியது, மூன்றுமுறையும் அடிபட்டது. வானதூதரைக் கழுதை கண்டது. இறைவாக்குரைக்கச் சென்றவன் காணவில்லை. தடையென அவன் வெறுத்த விலங்கே அவன் உயிரைக் காத்தது.

நம் பாரத்தைச் சுமந்து தேய்ந்தவர்கள், பயன் முடிந்தபின் நம் பாதைக்குக் குறுக்கே நிற்பவர்களாகத் தோன்றுவது பாலைநிலத்தில் மட்டும் நிகழ்வதன்று. முதிர்ந்த பெற்றோரும், வேலைக்கென அழைக்கப்பட்டுப் பின்னர் அந்நியர் எனத் தள்ளப்படும் தொழிலாளரும் நம்மிடையே உள்ளனர். அவர்களை ‘இடையூறு’ எனச் சொல்ல நாவெழும்போது, அவர்களை இவ்வழிக்கு அழைத்து வந்தவர் யார் என்று நம் மனச்சான்றை வினவுவோமாக.