சும்மா இருக்கும்போது போட்டது

குரோஷே பின்னுகிற எல்லாருக்கும் ஒரு கேள்வி பழக்கமாகியிருக்கும். "எவ்ளோ?" அவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. பெரியவர்களுக்கான சாதாரண உல்லன் குல்லா ஒன்றுக்கு, கை பழகியவருக்கே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மஃப்ளர் என்றால் பல மாலைகள். (உல்லன் என்கிறோம், கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான்.) நூலுக்கு விலை சொல்லிவிடலாம். நேரத்துக்கு? பலரும் அதைச் சொல்வதே இல்லை. "நூல் காசு குடுங்க போதும்கா, டிவி பாத்துட்டே சும்மா போட்டதுதான்."

இந்த 'சும்மா'வைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. ஞானிகளுக்குச் சும்மா இருப்பது பெரிய நிலை. நம் வீடுகளில் அது ஒரு வேலையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும் சொல்.

குரோஷே எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரு கண்ணி. ஏற்கெனவே பின்னி முடித்த துணிக்குள் ஊசியை நுழைத்து, நூலை இழுத்து, அந்தக் கண்ணிக்குள் கோத்து அடுத்ததைப் போட வேண்டும். எங்கே நுழைப்பது, எவ்வளவு இறுக்குவது என்பதையெல்லாம் ஒவ்வொரு கண்ணிக்கும் கைதான் முடிவு செய்கிறது. திருப்பூரில் பனியன் துணி மிஷினில் ஓடுவதற்குக் காரணம் அது நிட்டிங் என்பதுதான். நூற்றுக்கணக்கான ஊசிகள் வரிசையாகக் கண்ணிகளைப் பிடித்துக்கொண்டு ஒரே தாளத்தில் இயங்கலாம். குரோஷேவுக்கு அப்படி வரிசை கிடையாது. பார்க்க அதைப்போலவே இருக்கும் துணியை மிஷின்கள் தருகின்றன. ஆனால் அசல் குரோஷேவைத் தொழிற்சாலை அளவில் போடும் மிஷின் புழக்கத்தில் இல்லை.

ஆகவே மாலில் 799 ரூபாய்க்கு ஒரு குரோஷே தொப்பி தொங்குகிறது, அது அசல் குரோஷே என்றால், எங்கோ ஒருவர் உட்கார்ந்து ஊசி பிடித்திருக்கிறார். அந்த 799இல் கடை வாடகை, ஏற்றுமதியாளர், ஏஜென்ட் எல்லாம் போக அந்தக் கைக்கு என்ன வந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கைகளைப் பற்றி ஒரு புத்தகமே இருக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூல், ஆந்திராவின் நரசாபூர் லேஸ் பெண்களைப் பற்றியது. கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாக 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதிக்கு வந்த கைவேலை, பிற்பாடு ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. வீட்டுவேலை முழுவதையும் செய்துகொண்டே பெண்கள் பின்னினார்கள். வாங்கி விற்றவர்கள் ஆண்கள். பின்னியவர்களுக்குக் கிடைத்தது வயல் கூலியைவிடக் குறைவு. வீட்டில் இருக்கும் பெண் ஓய்வு நேரத்தில் செய்வது என்ற எண்ணம்தான் அந்தக் கூலியை அங்கேயே நிறுத்திவைத்தது என்கிறார் மீஸ். இதற்கு அவர் ஒரு பெயரும் வைத்தார். தமிழில் இல்லத்தரசியாக்கம் என்று சொல்லலாம்.

1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோதும் குடும்பங்கள் குரோஷே லேஸ் பின்னி விற்றுத்தான் சோறு பார்த்தன. பொழுதுபோக்கு என்கிற பெயர் இந்த வேலைக்குப் பல இடங்களில் பொருந்தியதே இல்லை.

இங்கிருந்து எனக்கு ஒரு சுலபமான முடிவு கிடைத்திருந்தது. ஒன்று, அன்பாகச் சும்மா கொடுங்கள். இல்லையென்றால் முழு விலை சொல்லுங்கள். நடுவில் நூல் காசுக்கு விற்பது, அதையே நம்பி வாழ்கிற இன்னொரு பெண்ணின் கூலியை இழுத்துக் கீழே தள்ளுவது. அன்பளிப்பு சந்தையில் யாருடனும் போட்டி போடுவதில்லை. அரை விலை போடுகிறது. இன்ஸ்டாகிராமில் "ஹேண்ட்மேட், ஜஸ்ட் 250" என்று பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் நினைப்பேன். இப்போதும் இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக நினைக்கவில்லை.

குன்னூரில் இருக்கும் என் பெரியம்மா குல்லா ஒன்றை 250 ரூபாய்க்குத்தான் விற்கிறார். நூல் 150. மிச்சம் 100, நான்கு மணி நேரத்துக்கு. மணிக்கு 25 ரூபாய். இதைக் கணக்குப் போட்டுக் காட்டி, 600 சொல்லுங்க, டூரிஸ்ட் வாங்குவாங்க என்றேன். ஊசியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "வெல ஏத்துனா அது வேலையாயிரும் கண்ணு. வேலைன்னு ஆனா உங்க பெரியப்பா கணக்குக் கேப்பாரு."

மீஸின் நூலில் எந்தச் சொல் வியாபாரிக்குப் பயன்பட்டதோ, அதே சொல் பெரியம்மாவுக்கு மறைவிடமாக இருக்கிறது. 'சும்மா போட்டது' என்பதால்தான் அந்த நூறு ரூபாய் அவருடையது. பேரனுக்குக் கிரேயான்ஸ், கோயில் உண்டியல், தங்கைக்கு மணியார்டர், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சம்பாத்தியம் என்று பெயர் மாறிய அன்று அது குடும்பக் கணக்கில் சேர்ந்துவிடும். அவர் விட்டுக்கொடுக்கும் 350 ரூபாய், யாரும் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு அவர் கட்டும் வரி.

அப்படியென்றால் அவர் செய்வது சரியா? முழுக்கச் சரி என்று சொல்ல எனக்கு வரவில்லை. அந்த வரியில் ஒரு பங்கை, ஊசியை நம்பியே வாழும் முகம் தெரியாத ஒருத்தி கட்டுகிறாள். அவளுக்குப் பெரியப்பாவைத் தெரியாது. ஆனாலும் இதைப் பெரியம்மாவிடம் குற்றமாக வைப்பது அபத்தம். கேட்க வேண்டியது கணக்குக் கேட்கும் மனிதரிடம். அவரிடம் கேட்க வீட்டில் யாருக்கும் வாய் வருவதில்லை, எனக்கும் சேர்த்து. நியாயம் பேசுவதற்கு நாம் தேர்ந்தெடுக்கும் ஆள் பெரும்பாலும் பதிலுக்குச் சத்தம் போடாத ஆளாகவே இருக்கிறார்.

போன மாசம் ஆஃபீஸ் நண்பர்களுக்காகப் பன்னிரண்டு குல்லா சொல்லியிருந்தேன். 600 வீதம் கூகுள் பேயில் போட்டுவிடுகிறேன் என்றதும் பெரியம்மா பதறினார். "ஃபோன்ல போடாத. மெசேஜ் அவர் நம்பருக்குத்தான் போவுது. வரும்போது நோட்டா கொண்டா."