விருந்தும் மருந்தும்

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம்மவர் பழமொழி. இரண்டையும் ஒருங்கே சொன்ன முன்னோர், இரண்டிற்கும் எல்லை உண்டு என்பதை உணர்த்தினர். இன்றோ நவராத்திரியில் தொடங்கும் விருந்து தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று மூன்று திங்களுக்கு மேல் நீள்கிறது. இக்காலத்தில் எழும் அறக்கேள்வி ஒன்று உண்டு. அன்போடு அளிக்கும் உணவை மறுப்பது குற்றமா? மறுப்பவரை வற்புறுத்துவது அன்பா?

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் பண்டிகைத் தட்டுகள் மொழியோ சமயமோ பார்ப்பதில்லை. தீபாவளியன்று எங்கள் வீட்டு அதிரசமும் முறுக்கும் கன்னட அன்பர் இல்லம் செல்லும். சங்கராந்தியன்று அங்கிருந்து எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்த சிறு பொட்டலம் வரும். கிறிஸ்துமஸ் நாளில் கிறித்தவ நண்பர் வீட்டுக் கல்கல் வரும். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு இத்தட்டுகளே உறவு. அதனால்தான் “வேண்டாம்” என்ற சொல் உறவையே மறுப்பதுபோல் நம் செவியில் விழுகிறது.

என் பிழையொன்றே இதைப்பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளியன்று, நீரிழிவு நோயுடைய மூத்த அலுவலக நண்பர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். சர்க்கரையில்லாத காப்பி போதும் என்றார். “ஒரு நாள்தானே சார், ஒன்றும் ஆகிவிடாது” என்று இரண்டு மைசூர்பாகை அவர் தட்டில் வைத்தேன். அவை தீர்ந்ததும் மூன்றாவதையும் வைத்தேன். சிரித்துக்கொண்டே உண்டார். அன்று அவர் சென்ற நான்கு வீடுகளிலும் இதே உபசாரம். மறுநாள் அவர் மருத்துவமனையில் இருந்தார். காணச் சென்ற என்னை அவர் துணைவியார் கடிந்துகொள்ளவில்லை. “அவருக்கு யார் மனசையும் நோகவைக்கத் தெரியாதுங்க” என்று மட்டும் சொன்னார். அவருடைய நற்பண்பே அவருக்குத் தீங்காகும்படி என் உபசாரம் செய்துவிட்டது.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் முறையையே உரைக்கின்றன. முன் உண்டது செரித்தபின், நன்கு பசித்து, அளவறிந்து உண்ண வேண்டும் என்பது அவற்றின் சாரம். அப்படியாயின் இரு அதிகாரங்களும் முரண்படுகின்றனவா? இல்லை. விருந்தோம்பலின் இறுதிக் குறளில் அனிச்ச மலரை எடுத்துக்காட்டும் வள்ளுவர், முகம் மாறி நோக்கினால் விருந்தினர் வாடுவர் என்கிறார். தட்டில் பண்டம் குறைந்தால் வாடுவர் என்று அவர் சொல்லவில்லை.

நம் வழக்கங்களும் இதற்குச் சான்று. தீபாவளி விடியலில் எண்ணெய் நீராடியதும் நாவில் வைப்பது சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்த்துக் கிளறிய லேகியம். நவராத்திரிக்கு வருவோர்க்கு அவித்த சுண்டல். தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி நோன்பு. அவர்கள் வயலில் உழைத்தவர்கள். இனிப்பை ஆண்டில் சில நாளே கண்டவர்கள். அவர்களே இத்தனை காப்புகளை வைத்திருந்தனர். நாமோ நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் பார்க்கிறோம்; தெருவுக்குத் தெரு இனிப்புக்கடை இருக்கிறது.

“ஒரு நாள்தானே” என்ற சமாதானமும் நிற்காது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு 195 பேரின் எடையைத் தொடர்ந்து கவனித்தது. பண்டிகைப் பருவத்தில் சராசரியாக 370 கிராம் அளவே எடை கூடியது. ஆனால் கூடியது பின்வந்த மாதங்களில் குறையவில்லை. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2023-இல் தெரிவித்தது. எனவே நம் வாயிலுக்கு வரும் விருந்தினருள் ஒருவரேனும் அந்நோயுடையவராக இருத்தல் கூடும்.

ஆகவே, அளிப்பவர் ஒருமுறை கேட்கட்டும். மறுத்தால் மகிழ்ந்து ஏற்கட்டும். உண்பவரும் தம் நிலையை நாணாமல் சொல்லட்டும். மறுப்பது உணவைத்தான், அன்பை அன்று. மாலையில் அல்சூர் ஏரிப்பக்கம் குடும்பத்தோடு நடந்து வருவதும் பண்டிகையின் ஒரு பகுதியாகட்டும்.

சென்ற தீபாவளிக்கும் அந்த நண்பர் வந்தார். ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு குவளை மோரும் கொடுத்தோம். இரண்டு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, மனநிறைவோடு விடைபெற்றுச் சென்றார்.