கேட்டவன் பெயர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் பக்கம் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை ஊரில் ஆள்விட்டு விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்டது பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டுக்கே போய்விடும். விசாரித்தவனும் அறியப்பட்டான்; அந்தக் கூச்சமே கேள்விக்கு எல்லை.

துப்பறியும் நிறுவனம் காசுக்கு இந்தக் கூச்சத்தைப் போக்குகிறது: ‘உங்கள் பெயர் வெளிவராது.’ வக்கீலிடம் கட்சிக்காரன் சொன்னதை 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் காத்தது. 2023இன் புதிய சட்டமும் காக்கிறது. துப்பறிபவருக்கு அப்படியொரு சட்டமில்லை. 2007இல் வந்த மசோதாவும் சட்டமாகவில்லை. வெறும் வாக்குத்தான். அதைக் காப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் வேவு பார்க்கப்பட்டவனுக்கு யார் வாக்குக் கொடுத்தார்கள்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அவன் யாருடைய கட்சிக்காரனும் அல்ல.

விசாரணையைத் தன்மீதே திருப்பிய ரமணர் 1879இல் பிறந்தது இதே திருச்சுழியில். அங்கே கேட்பவனுக்கு ஒளிய இடமில்லை. பெயர் மறைத்துக் கேட்பவனோ, தன்னைக் கேட்டுக்கொள்ளாமலே தப்பிவிடுகிறான்.