மாவளி வட்டமும் கேமராவின் சாட்சியமும்

கார்த்திகைத் தீபத் திருநாளின் இரவில், கோயிலுக்கு முன்னே பனந்தண்டை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த ஓலைகளை உயரக் கட்டிக் கொளுத்துவது சொக்கப்பனை எனப்படும். சிவாலயங்களில் இந்நெருப்பு, பிரமனும் திருமாலும் அடிமுடி தேடிக் காணாத சோதிப் பிழம்பின் வடிவாகக் கருதப்படுகிறது. முடியைக் கண்டதாகப் பிரமனுக்குப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது என்று புராணம் கூறுவதால், தீயைப் பற்றிய சாட்சியம் எத்தகையது என்ற கேள்வி இவ்விழாவுக்குப் புதியதன்று. இக்காலத்தில் சாட்சி சொல்லும் பொறுப்பைச் சட்டைப்பையில் அடங்கும் சிறு கேமராவும் ஏற்றுள்ளது.

அதன் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் பதியும் சில்லு, பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலமே உடையது. தானியங்கி முறையில் விட்டால், அது காட்சியின் வெளிச்சத்தைச் சராசரியாக்கி, சூழ்ந்த இருளையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு உயர்த்த முயல்வதால், தழலின் நடுப்பகுதி நிறமிழந்து வெறும் வெண்மையாகிவிடும்; ஃப்ளாஷைப் போட்டாலோ முன்வரிசையில் நிற்போரின் முதுகுகளே துலங்கும். இவை கருவியின் குறைகள். பழகியவர் ஃப்ளாஷை நிறுத்தி, ஒளியளவைக் குறைத்துச் சரிசெய்துகொள்வர்.

சரிசெய்ய இயலாத சிக்கல் மாவளியில் எழுகிறது. பனம்பூவைக் கரியாக்கித் துணியில் பொதிந்து, பிளந்த பனைமட்டைகளுக்கு இடையே கட்டி, கனலேற்றிச் சிறுவர்கள் சுழற்றும் பொறிவாணமே மாவளி. ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை, ஒரு நொடி திறந்திருந்தால் படத்தில் நெருப்பு வளையம் முழுதாக விழும்; நொடியில் நூற்றிலொரு பங்கே திறந்தால் சிதறிய சில பொறிகளே கிடைக்கும். மாண்டூக்கிய உபநிடதத்தை ஒட்டிக் கௌடபாதர் இயற்றிய காரிகையின் நான்காம் பகுதியான அலாதசாந்தி, இத்தகைய சுழலும் கொள்ளியையே உவமையாக்கி, வளையம் எங்கிருந்தும் வரவில்லை, கொள்ளி நின்றபின் எங்கும் போவதுமில்லை என்று காட்டி, உலகத் தோற்றமும் அவ்வாறே அறிவின் அசைவு என்று நிறுவுகிறது. தருக்க நூலான நியாய சூத்திரமோ அதே கொள்ளி வட்டத்தைக் கொண்டு, அடுத்தடுத்து எழும் அறிவுகள் விரைவினால் ஒருங்கே எழுவனபோல் தோன்றுகின்றன என்று மட்டுமே கூறி நின்றுவிடுகிறது.

புகைப்படத்தை விளக்க நியாயத்தின் அடக்கமான வழியே பொருத்தமாகப்படுகிறது. கொள்ளி நின்ற பின்னும் படத்தில் வளையம் எஞ்சுகிறது. அதன் ஒவ்வொரு புள்ளியிலும் ஏதோ ஒரு கணத்தில் தீ உண்மையாகவே இருந்தது. பிழை என ஒன்று உண்டானால் அது, அவையனைத்தும் ஒரே கணத்தில் இருந்தன என்று பார்ப்பவர் கொள்ளும் தீர்ப்பில்தான் உள்ளது. ஆகவே கேமராவைத் தாழம்பூவோடு சேர்த்துத் தண்டிப்பது முறையாகாது: தாழம்பூ தான் காணாததைக் கண்டதாகச் சொன்னது, கேமராவோ கண்டவற்றை வரிசை சொல்லாமல் வைத்துவிடுகிறது. அவ்வரிசையைக் கேட்டறியும் கடமை படத்தைக் காண்பவருடையது.