பார்ப்பதில் என்ன அறம்?

பறவைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன அறம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டன் பாறைகளிலிருந்து, இலையுதிர்காலத் தொடக்கத்தில் வெப்பக் காற்றில் வட்டமிட்டேறிச் சிறகசைக்காமல் தெற்கே செல்லும் பருந்துகளை முன்பு சுட்டுத் தள்ளினார்கள். 1934-இல் பறவைப் பாதுகாப்பு ஆர்வலர் ரோசலி எட்ஜ் அம்மலையைக் குத்தகைக்கு எடுத்துத் தனியார் சரணாலயமாக்கினார். துப்பாக்கிகள் போய், கணக்கெடுப்பு வந்தது. தலை இன்னும் வெளுக்காத இளம் வெண்தலைக் கழுகுகள் குறைந்துவருவதை அந்தக் கணக்கு காட்டியது; 1962-இல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன் டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கு எதிராக அதைச் சான்றாக வைத்தார். வேட்டைக்காரனும் கூர்ந்துதான் பார்த்தான். அவனுக்கு வேண்டியது குறி மட்டும். தனக்கென எதையும் வேண்டாத பார்வைக்கே, வராமல் போன பறவைகளும் தெரிகின்றன. கண்டம் கடக்கும் பறவைகளுக்கு ஒரு மலை எம்மாத்திரம் என்றும் கேட்கலாம். மலை சிறிதுதான், அங்கே திரண்ட சான்று நாட்டுக்கே பயன்பட்டது. 1972-இல் அமெரிக்கா டிடிடி பயன்பாட்டை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்தது.